டென்பர்னின் பன்னிரண்டாம் அட்டை

ஷாமளாவுக்கு வழி தெரியாது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். போன தீபாவளிக்குத் தம்பி செந்தூரன் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குக் கூட்டிப்போனபோது, கார் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் மின்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து வளர்ந்த மலேசியக் குளுவாங்கிலேயே ஒரு சாலையை ஒருவழியாக மாற்றினால் இரண்டு மாதத்துக்குத் தடுமாறுவாள். ஆனால் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், டென்பர்ன் என்ற சின்ன ஊரில் அவளைக் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் ரயில் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்திலிருந்து இரும்புப் பாலத்துக்கும் யாரையும் கேட்காமல் போய்விடுவாள். வழியில் குதிரை வண்டிகள் நிற்கும், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த டென்பர்ன் நூற்றுப் பதினைந்து வருஷத்துக்கு முந்தியது.

அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை. பழனிக்கு ஒரு தடவை, கேமரன் மலைக்கு இரண்டு தடவை, அதோடு அவளுடைய உலகப் பயணம் முடிந்தது. வயது அறுபத்து நான்கு. அரசாங்க மருத்துவமனையில் பதிவு முகப்பில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து, குளுவாங்கில் பாதிப் பேருடைய அடையாள அட்டை எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் நல்ல ஆளுங்கதான்" என்பாள். அதற்கு மேல் கேட்கிற ஆளுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். எண்பத்தொன்பது வயது அம்மா அன்னபாக்கியமும் அவளும் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டில், பிளாஸ்டிக் பக்கங்கள் வைத்த ஆல்பம் ஒன்றில், டென்பர்ன் ஊரின் பதினோரு பட அட்டைகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது இல்லை. அந்தப் பன்னிரண்டாவதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நாற்பது வருஷமாக ஷாமளாவின் ஆசை. வேறு ஆசைகளும் இருந்திருக்கலாம். அவை ஒவ்வொன்றாகக் கழன்று போக, இது மட்டும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அட்டைகளை அனுப்பியவர் கிருபானந்தன். குளுவாங் ஸ்டேஷன் மாஸ்டரின் இளைய மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடந்த தேவார வகுப்பில் அவர் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம். இரண்டு வருஷத்தில் இருவரும் பேசியதை எல்லாம் சேர்த்தால் முப்பது வாக்கியம் தேறாது. அதில் பத்து, "புத்தகம் முடிஞ்சதா?" என்பதாகத்தான் இருக்கும். அவர் பாடும்போது சுருதி விலகும். விலகியதும் நிமிர்ந்து இவளைப் பார்ப்பார். அது ஒன்று போதாதா? இருபத்திரண்டு வயதில் போதும்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் அவர் இயந்திரப் பொறியியல் படிக்க டென்பர்ன் கல்லூரிக்குப் போனார். அந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான், சோளக் காட்டுக்கு நடுவே இருந்த கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். அதற்குள் அவருடைய அப்பா ஓய்வு பெற்று, மூத்த மகனோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோய்விட்டார். குளுவாங்கில் அவர்களுக்கென்று யாரும் இல்லை. ஆனாலும் எண்பத்து நான்கு பிப்ரவரியிலிருந்து மாதம் ஒரு பட அட்டை குளுவாங்குக்கு வந்தது. டென்பர்ன் மருந்துக் கடைக்காரர் ஒருவர் ஊரின் பழைய படங்களைப் பன்னிரண்டு அட்டைகளாக அச்சிட்டு, மூலையில் எண் போட்டு விற்றிருக்கிறார். கிருபானந்தன் ஒரு கட்டு வாங்கி, எண் வரிசை தவறாமல் அனுப்பினார்.

முகவரி ஷாமளாவுக்கு அல்ல. அப்படி எழுதுகிற துணிச்சல் அந்தக் காலத்துப் பையன்களுக்கு இல்லை, எழுதினால் வாங்கிக்கொள்கிற துணிச்சல் நம் வீடுகளுக்கும் இல்லை. எல்லாம் அவளுடைய அப்பா பேருக்கு: திரு. ஐயாத்துரை குடும்பத்தார். அப்பா பொதுப்பணி இலாகாவில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அட்டையை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். தபால்காரர் ஏற்கெனவே வாசித்திருப்பார், அது வேறு கதை. முதல் அட்டையில் கடைத்தெரு. இரண்டாவதில் மணிக்கூண்டு வைத்த நீதிமன்றம். அப்புறம் ரயில் நிலையம், நூலகம், தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், தங்கும் விடுதி. பின்பக்கம் இரண்டு வரி. குளிர் அதிகம், சோறு கிடைக்கிறது, எல்லோரும் சுகமா.

எட்டாவது அட்டை பூங்காவில் வாத்தியக்காரர்கள் உட்காரும் மண்டபம். அதன் பின்னால், "இந்த மண்டபத்தில் மாலையில் யாரும் இல்லை. இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தது.

அப்பா கண்ணாடியை உயர்த்திப் படத்தைப் பார்த்தார். "சின்ன மண்டபம் போலிருக்கு" என்றார்.

சமையலறையில் நின்ற ஷாமளா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். அந்த வரி அவளுக்கு. வீடு முழுக்கக் கேட்டும் வேறு யாருக்கும் போய்ச் சேராமல் அவளுக்கு மட்டும் வந்து சேர்ந்த வரி. அதற்குப் பிறகு இரும்புப் பாலம் வந்தது, மாவு ஆலை வந்தது, உயர்நிலைப் பள்ளி வந்தது. பன்னிரண்டாவதுக்காக அவள் காத்திருந்தாள். அதோடு கட்டு முடிகிறது, அதில் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அது எண்பத்தைந்து ஜனவரியில் வந்தது. ஒன்பது நாளாக விடாத மழை. ஷாமளா வேலையில், அப்பா அலுவலகத்தில். நனைந்த பையிலிருந்து நனைந்த அட்டையை எடுத்துத் தபால்காரர் வாசல் கேட்டருகே அம்மாவின் கையில் கொடுத்தார்.

அம்மாவைக் குறை சொல்வதற்கு முன் அந்த நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சொந்தங்களிடமிருந்து வந்த கடிதம் எதுவும் நல்ல கடிதமாக இல்லை. மூலையில் கறுப்பு மை தடவிய கடிதங்கள் மட்டும் மூன்று வந்தன. சாவுக் கடிதம் வீட்டுக்குள் வரக் கூடாது. வாசலிலேயே பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். மூன்றையும் அம்மா அந்தக் கேட்டருகே நின்றுதான் கிழித்தாள். ஒன்று அவளுடைய சொந்தத் தங்கையைப் பற்றியது.

இப்போது கையில் இருந்த அட்டையில் மை முழுக்கக் கரைந்து நீலக் குழம்பாக ஓடியிருந்தது. நான்கு மூலையும் கறுத்திருந்தன. அம்மா அமெரிக்கத் தபால்தலையைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான். திருப்பிப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான்காகக் கிழித்து, நிரம்பி ஓடிய சாக்கடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஷாமளாவிடம், "அந்தப் பொடியன் வீட்டில ஆரோ மோசம் போயிட்டினம்" என்றாள் அம்மா.

ஷாமளா சாக்கடையை எட்டிப் பார்த்தாள். மழைத் தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று அவள் அழுதாள். கிருபானந்தனின் அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்து அழுதாள். தேவார வகுப்பில் அந்த அம்மா ஒரு தடவை இவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டிருக்கிறார். அவரை மாமி என்று கூப்பிடப் போகிறோம் என்று மனசுக்குள் கூப்பிட்டும் பார்த்திருந்தாள்.

அப்பா முறை தெரிந்தவர். "கேள்விப்பட்ட பிறகு சும்மா இருந்தா நாம மனுஷங்களா?" என்றார். செத்தது யார் என்று தெரியாமல் எப்படி எழுதுவது என்று ஷாமளா கேட்டதற்கு, "பேர் போடாதே. பொதுவா எழுது" என்றார். வீட்டில் நல்ல கையெழுத்து அவளுக்குத்தான். அப்பா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"அன்புள்ள கிருபானந்தனுக்கு, உங்கள் கார்டு கிடைத்தது. விஷயம் அறிந்து எல்லோரும் வருந்தினோம். நம் கையில் என்ன இருக்கிறது? எல்லாம் அவன் செயல். மனதைத் தேற்றிக்கொண்டு படிப்பில் கவனம் செலுத்தவும்."

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். உறையை ஒட்டுவதற்கு முன் ஷாமளா தானாக ஒரு வரி சேர்த்தாள். தாயை இழந்தவன் தனியே கிடந்து உருகக் கூடாதே என்ற தவிப்பில் சேர்த்தாள். "இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உங்களுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது."

அதற்குப் பிறகு டென்பர்னிலிருந்து எதுவும் வரவில்லை. துக்கம் என்று ஒரு வருஷம் பொறுத்தாள். படிப்பு முடிகிற நேரம் என்று இன்னொரு வருஷம். அப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே காத்திருந்தாள். அப்பா தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் போனார். தம்பி கல்யாணமாகி ஜொகூர் பாருவில் குடியேறி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரத் தொடங்கினான். ஷாமளா ஆல்பத்தைத் திருப்பித் திருப்பி, படத்தில் ஒவ்வொரு கடையின் பெயர்ப் பலகையையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். எந்த மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றுகூடத் தெரியும்.

போன வருஷம்தான் முகநூலில் ஒரு குழு அவள் கண்ணில் பட்டது. டென்பர்ன் ஊருக்கு நூற்றைம்பது வயது ஆகப் போகிறதாம். அதற்கு ஒரு புத்தகம் போட, ஊரின் பழைய பட அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்தியவர் மார்ஜி என்ற ஓய்வு பெற்ற நூலகர். அவர் தானியக் கிடங்கின் படத்தைப் போட்டு இது எந்தத் தெரு என்று கேட்டிருந்தார். உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு தெருவைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாமளாவால் பொறுக்க முடியவில்லை. நிலையத்துக்கு வடக்கே, தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவது தெரு, எதிரே சேணம் தைக்கிற கடை என்று எழுதினாள்.

அவள் சொன்னதுதான் சரி. நீங்கள் எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள். மலேசியா என்று சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. பதினோரு அட்டைகளின் முகப்பையும் அவள் படம் எடுத்துப் போட்டதும், ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பன்னிரண்டாவது யாரிடமாவது இருக்கிறதா?

எட்டு மாதம் கழித்து மார்ஜி அதைக் கண்டுபிடித்துப் போட்டார். காலையில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்த ஷாமளா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றங்கரையில் ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே ஒன்றோடொன்று கை கோத்திருந்தன. பாதையில் யாரும் இல்லை. கீழே, காதலர் பாதை என்று அச்சிட்டிருந்தது. பருப்பு அடிப்பிடித்து, "என்னடி மணக்குது?" என்று அம்மா உள்ளிருந்து கேட்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் படத்தின் பின்னால் சாவுச் செய்தியை எழுதுவானா ஒருவன்? அவளுக்கு முதல் தடவையாக அந்தச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு துணிச்சலும் வந்தது. அட்டைகளின் பின்பக்கத்தையும் காட்டுங்கள், தபால் முத்திரை முக்கியம் என்று மார்ஜி எத்தனையோ முறை கேட்டும் அவள் மறுத்து வந்தாள். இப்போது எட்டாவது அட்டையின் பின்பக்கத்தைப் போட்டாள். டென்பர்னில் தமிழ் வாசிக்க யார் இருக்கப் போகிறார்கள்?

ஒருவர் இருந்தார். நான்காம் நாள் ஒரு செய்தி வந்தது. "இது என் கையெழுத்து. நீங்க ஐயாத்துரை சார் மகளா? நான் கிருபா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. அங்கே சனி ராத்திரி ஏழோ எட்டோ. ஷாமளா எட்டரைக்கே நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். படம் தெரியாத அழைப்புதான், ஆனாலும் கட்டிக்கொண்டாள். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அந்த முப்பது வாக்கியத்தில் ஒன்றில்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஷாமளா?" குரல் கனத்திருந்தது. ஆனால் அவர்தான்.

"ஆமா. நல்லா இருக்கீங்களா?"

அவர் அயோவாவுக்குப் பக்கத்து மாநிலத்தில் இருந்தார். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. மனைவி பிரேமலா, ஈப்போக்காரப் பெண். இரண்டு மகள்கள். "அவங்க உள்ளே டிவி பார்த்துக்கிட்டிருக்காங்க. உங்ககிட்ட பேசப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். நல்ல மனிதர். எப்போதும் நல்ல மனிதர்தான். அதுதான் ஷாமளாவுக்கு வலித்தது.

அம்மா அப்பா எப்படி என்று அவள் தயங்கிக் கேட்டாள். "அப்பா ரெண்டாயிரத்து ஏழுல. அம்மா போன வருஷம்தான், தொண்ணூத்தி மூணு வயசு" என்றார்.

போன வருஷமா? ஷாமளா கைப்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அப்போ... அந்தப் பன்னிரண்டாவது கார்டு?"

அவர் சிரித்தார். "விடுங்க லா, அதெல்லாம் பழைய கதை. உங்க பதில் வந்துச்சு. உங்க கையெழுத்துலயே வந்துச்சு. அதுக்கப்புறம் நான் தொந்தரவு பண்ணலயே."

"எந்தப் பதில்?"

"என்ன, மறந்துட்டீங்களா? எனக்கு இன்னும் மனப்பாடம். நம் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் அவன் செயல். மனதைத் தேற்றிக்கொண்டு படிப்பில் கவனம் செலுத்தவும். அது சார் சொல்லி எழுதினது, தெரியும். கடைசி வரி மட்டும் சார் பேச்சு மாதிரி இல்ல. இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்னு. அது நீங்க சொன்னதுன்னு புரிஞ்சுச்சு. அதான் நிறுத்திட்டேன்."

ஷாமளா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "அந்தக் கார்டுல நீங்க என்ன எழுதியிருந்தீங்க?"

"படிக்கலயா?" அவர் குரல் மாறியது. "உங்களைக் கட்டிக்கக் கேட்டு எழுதியிருந்தேன். சாருக்கு. உங்க மகளுக்குச் சம்மதம்னா அப்பா அம்மாவை விட்டு முறையா பேசச் சொல்றேன்னு. நல்ல விஷயம் எழுதுறோம், மூலையில மஞ்சள் தடவாம எப்படி அனுப்புறது? அந்த ஊர்ல மஞ்சளுக்கு எங்க போறது? கேன்டீன்ல ரொட்டிக்கு ஊத்துற கடுகு சாஸ் இருக்குல்ல, மஞ்சளா, அந்தப் பாட்டில்ல பார்த்தா மஞ்சள் சேர்த்திருக்குன்னு போட்டிருந்துச்சு. அதை எடுத்து நாலு மூலையிலயும் தடவினேன்."

ஷாமளா கண்ணை மூடிக்கொண்டாள். கடுகு, மூன்று வாரத் தபால், ஒன்பது நாள் மழை. பூசணம் பிடித்துக் கறுக்காமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் சொன்னாள். கறுத்த மூலை, கரைந்த மை, சாக்கடை, அப்பா சொன்ன ஆறுதல் கடிதம், அவள் தானாகச் சேர்த்த வரி.

"அலமாக்!" என்றார் அவர். நாற்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தும் அந்த மலாய் 'ஐயோ' மட்டும் குளுவாங்கை விட்டுப் போகவில்லை. அப்புறம் சிரித்தார். அவளும் சிரித்தாள். கல்யாணம் கேட்டவனுக்கு இழவு விசாரித்து எழுதிய குடும்பம் உலகத்தில் வேறு எங்கே இருக்கும்? இருவரும் மூச்சு வாங்கும் வரை சிரித்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர். "கேக்கக் கூடாதுதான். கார்டு ஒழுங்கா வந்திருந்தா?"

ஷாமளா யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு நாற்பது வருஷம் இருந்தது, அது போதும். "சரின்னு எழுதியிருப்பேன். அப்பா சொல்றதுக்கு முன்னாடியே எழுதியிருப்பேன்."

"சந்தோஷம்" என்றார் அவர். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவளும் சொன்னாள். வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு அம்மாவின் மேல் கோபம் பொங்கியது. அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்திருந்தாலாவது, ஒரு மணி நேரம் காயப் போட்டிருந்தாலாவது... எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காது மந்தமானாலும், வீட்டில் யாரோ நெடுநேரம் பேசினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஆரடி பிள்ளை, இவ்வளவு நேரம்?"

"கிருபானந்தன்மா. ஸ்டேஷன் மாஸ்டர் மகன்."

அம்மா பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "அமெரிக்காவுக்குப் போன பொடியன். அருமையான பொடியன். அப்ப அவையிட வீட்டில ஆர் மோசம் போனது? கேட்டனியோ? எனக்கு இவ்வளவு காலமும் அது மனசில கிடக்குது."

ஷாமளா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை அவள் கைக்குள் வந்தது. எலும்பும் தோலுமாக, சின்னதாக இருந்தது அந்தக் கை.

"கேட்டேன்மா" என்றாள். "பெரியப்பாவாம்."

"பாவம்." அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "நல்ல காலம், அதை நான் வீட்டுக்குள்ள கொண்டு வரேல்லை."

"ஆமாம்மா."

"ஆறுதலா நாலு வார்த்தை எழுதினனாங்கள் தானே? எழுதாம விட்டா அந்தப் பிள்ளை என்ன நினைச்சிருக்கும்?"

"எழுதினோம்மா."

"நீதானே எழுதினனீ. அப்பா சொல்லச் சொல்ல, அந்த மேசையில இருந்து."

"ஆமாம்மா" என்றாள் ஷாமளா. "நான்தான் எழுதினேன்."